சுயாதீன ராப் பாடகர்கள் கேட்டவை: உரிமை, ஒப்பந்தம், வருமானம்

சுயாதீன இசைக் கலைஞர்களின் ஒப்பந்தங்களையும் வரவுசெலவுகளையும் பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் ஒருவர், ராப் பாடகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறார்.

கேள்வி: ஐயா, நான் அணுகிய லேபிள்கள் (இசை வெளியீட்டு நிறுவனங்கள்) அனைத்தும் மறுத்துவிட்டன. இனியும் முயல்வதில் பொருள் உண்டா?

உண்டு. அமெரிக்க ராப் பாடகர் ஜே-ஸீயைப் பெரிய நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளாத நிலையில், அவர் டேமன் டாஷ், கரீம் பர்க் ஆகியோருடன் சேர்ந்து சொந்த நிறுவனம் தொடங்கி, குறுந்தகடுகளைக் காரில் வைத்து விற்றார். 1996இல் அவருடைய முதல் ஆல்பம் அந்த நிறுவனத்தின் பெயரிலேயே வெளிவந்தது. மறுப்பு வந்தவுடன் அடுத்த லேபிளின் கதவைத் தட்டுவதைவிட, வாங்கக்கூடிய நூறு பேரைத் தேடிப் போவது பயன்தரும் என்பது என் கருத்து.

கேள்வி: சுயாதீனம் என்றால் எல்லா வேலையையும் தனியாளாகச் செய்ய வேண்டுமா? எனக்கு மூச்சு முட்டுகிறது.

வேண்டியதில்லை. பாட்டின் உரிமையும் அதைப் பற்றிய முடிவுகளும் யார் கையில் இருக்கின்றன என்பதைக் கொண்டுதான் ஒருவர் சுயாதீனரா இல்லையா என்று சொல்ல முடியும். ராப் பாடகர் மேக்லமோர், இசைத் தயாரிப்பாளர் ரயன் லூயிஸ் இருவரும் 2012இல் தங்கள் ஆல்பத்தைத் தாங்களே வெளியிட்டார்கள். ஆனால் வானொலியில் பாட்டை ஒலிக்கச் செய்ய வார்னர் என்ற பெரிய இசைக் குழுமத்தின் வினியோகப் பிரிவைப் பணம் கொடுத்து அமர்த்திக்கொண்டார்கள். சான்ஸ் த ராப்பர் என்ற பாடகர் தன் 2016ஆம் ஆண்டு மிக்ஸ்டேப்பை (ராப் பாடகர்கள் பெரும்பாலும் தாங்களே வெளியிடும் பாட்டுத் தொகுப்பை) முதல் இரண்டு வாரங்களுக்கு ஆப்பிள் மியூசிக்கில் மட்டும் வெளியிட 5 லட்சம் டாலர் பெற்றதாக அவரே பின்னர் தெரிவித்தார். அதன்பின் அவர் சுயாதீனரே அல்லர் என்று சிலர் வாதிட்டனர். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. அவர் விற்றது இரண்டு வார வெளியீட்டு வாய்ப்பை மட்டுமே. பாட்டுகளின் உரிமை அவரிடமே இருந்தது. அதே படைப்புக்குத்தான் 2017இல் சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி கிடைத்தது.

கேள்வி: ஒரு லேபிள் முன்பணம் தருவதாகச் சொல்கிறது. வீட்டுக் கடன் நெருக்குகிறது. கையெழுத்திடலாமா?

நெருக்கடியில் இருக்கும்போதுதான் ஒப்பந்தத்தை மிக மெதுவாகப் படிக்க வேண்டும். முன்பணம் பரிசன்று, உங்கள் பங்கிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளப்படும் தொகை. முன்பணம் 1,00,000 என்றும், வருமானத்தில் உங்கள் பங்கு 20 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் பாட்டுகள் 5,00,000 ஈட்டிய பிறகே அந்தக் கணக்கு தீரும். அதுவரை முன்பணத்துக்கு மேல் ஒரு காசும் உங்களுக்கு வராது, ஆனால் கொடுத்த முன்பணம் போக நிறுவனத்திடம் 4,00,000 சேர்ந்திருக்கும். காணொளிச் செலவையும் விளம்பரச் செலவையும் இதே கணக்கில் ஏற்றலாம் என்ற விதி பல ஒப்பந்தங்களில் இருப்பதால், அந்தக் கணக்கு பல கலைஞர்களுக்குத் தீராமலேயே போகிறது.

ஆகவே தொகையைப் பார்ப்பதற்கு முன் மூன்றைப் பாருங்கள்: மாஸ்டர் (பாட்டின் மூல) ஒலிப்பதிவின் உரிமை யாருடையது, எத்தனை ஆண்டுகளுக்கு, அதன்பின் அது உங்களிடம் திரும்புமா. உரிமையை நிரந்தரமாக எழுதித் தரக் கேட்டால், வினியோக உரிமையை மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குத் தருவதாகப் பேசிப் பாருங்கள். மாஸ்டர் பி என்ற ராப் பாடகர் 1990களில் ப்ரையாரிட்டி ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துடன் செய்துகொண்ட ஏற்பாடு அத்தகையது. வினியோகம் அவர்களிடமும் மாஸ்டர் உரிமை அவரிடமும் இருந்தன. கடனை அடைக்க வேறு வழி எதுவுமே இல்லையென்றால், எல்லாப் பாட்டுகளையும் எழுதிக் கொடுக்காமல் ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் ஒப்பந்தம் செய்யுங்கள்.

கேள்வி: ஸ்ட்ரீமிங்கில் வரும் பணம் எதற்கும் போதவில்லையே?

போதாது. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், கடந்த 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டியே கணக்கிடப்படுவதில்லை. எனவே அதை உங்களை அறிமுகப்படுத்தும் இடமாகக் கருதி, வருமானத்தை மேடை நிகழ்ச்சி, நேரடி விற்பனை, விளம்பரத்துக்கோ படத்துக்கோ பாட்டைப் பயன்படுத்தும் உரிமம் ஆகியவற்றில் தேடுங்கள்.

ராப் பாடகர் நிப்ஸி ஹசில் செய்ததை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2013இல் அவர் ஒரு மிக்ஸ்டேப்பை இணையத்தில் இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதே மிக்ஸ்டேப்பின் குறுந்தகட்டை 100 டாலர் விலையில் 1,000 பிரதிகள் மட்டும் விற்பனைக்கு வைத்தார். இலவசமாகக் கிடைப்பதை யார் வாங்குவார்கள் என்று கேட்கத் தோன்றும்; எல்லாப் பிரதிகளும் விற்றன, 100 பிரதிகளை ஜே-ஸீ வாங்கினார். ஆனால் அதற்கு முன் பல ஆண்டுகள் இலவச மிக்ஸ்டேப்புகளால் அவர் கேட்பவர்களைச் சேர்த்து வைத்திருந்தார் என்பதை விட்டுவிட்டு விலையை மட்டும் பின்பற்றினால் குறுந்தகடுகள் உங்கள் வீட்டிலேயே தங்கிவிடும்.

கேள்வி: அண்ணா, வேலையை விட்டால்தான் முழுமையாக ராப்பில் இறங்க முடியும் என்கிறார்களே?

சொல்பவர்கள் உங்கள் வாடகையைக் கட்டப் போவதில்லை. மாதச் சம்பளம் இருக்கும்வரை மோசமான ஒப்பந்தத்தை மறுக்கும் வலிமை உங்களிடம் இருக்கும். பசியோடு எழுதினால்தான் வரிகளில் உண்மை இருக்கும் என்ற நம்பிக்கையையும் நான் ஏற்பதில்லை. போதைப் பழக்கத்தில் சிக்கியிருந்த மேக்லமோர், 2008இல் மறுவாழ்வுச் சிகிச்சை பெற்று வெளியே வந்த பின்னரே பெரிய வெற்றிகளைக் கண்டார்.

கேள்வி: இணையத்தில் ‘இலவசம்’ என்று போட்டிருக்கும் பீட்டில் (ராப் பாடுவதற்கான பின்னணி இசையில்) பாடலாமா?

பெரும்பாலும் அது வருமானம் ஈட்டாத பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம். வெளியிடுவதற்கு முன் உரிமத்தை எழுத்தில் வாங்குங்கள். பிறருடைய பாட்டிலிருந்து எடுத்த சாம்பிள் (ஒலித்துணுக்கு) அந்த பீட்டில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். டி லா சோல் என்ற ராப் குழுவின் தொடக்ககால ஆல்பங்கள் 2023 மார்ச் வரை ஸ்ட்ரீமிங்கில் வராமல் போனதற்குச் சாம்பிள் அனுமதிச் சிக்கல் முக்கியக் காரணம்.

கேள்வி: நண்பருடன் சேர்ந்து எழுதுகிறேன். அவரிடம் பங்கைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கிறது.

பாட்டு ஒன்றும் ஈட்டாதபோது இந்தப் பேச்சு எளிது. பதிவு முடிந்த அன்றே, வரிகளில் யாருக்கு எத்தனை சதவீதம், இசையில் யாருக்கு எத்தனை, மாஸ்டரில் யாருக்கு எத்தனை என்று ஒரு தாளில் எழுதி, பீட் தயாரித்தவர் உட்பட அனைவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.