பூனை வளர்க்கும் வீட்டில் எந்த மூலிகைத் தொட்டி வாங்கலாம்?

கேள்வி: பால்கனியில் வைக்கக் கொத்தமல்லி, புதினா, கற்பூரவல்லி, எலுமிச்சைப்புல் தொட்டிகள் வாங்க இருக்கிறோம். எங்கள் பூனை (நாலு கிலோ) எந்தச் செடியைக் கண்டாலும் கடிக்கிறது. எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

பதில்: கொத்தமல்லியைத் தாராளமாக வாங்குங்கள். திருநீற்றுப்பச்சிலை, ரோஸ்மேரி, தைம் ஆகியவற்றாலும் பயமில்லை. புதினாவில் ஓரிரு இலை கடித்தால் ஒன்றும் ஆகாது. கொத்தாகத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். எலுமிச்சைப்புல்லும் வயிற்றைக் கெடுக்கும். பூனைக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிட முடிந்தால் மட்டும் இவ்விரண்டையும் வாங்குங்கள்.

கற்பூரவல்லி வேண்டவே வேண்டாம். குழந்தையின் சளிக்குக் கொடுக்கும் இலைதானே என்று பூனைக்கும் சாறு பிழிந்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதிலுள்ள வாசனை எண்ணெய் பூனைக்கு வாந்தி, பேதியைக் கொண்டுவரும். சில சமயம் இரத்தமும் கலந்து போகும். இப்படிப்பட்ட பல பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. யூகலிப்டஸ், புதினா எண்ணெய்களையும் பூனை மேல் தடவாதீர்கள்.

ஆனால் பெரிய ஆபத்து தொட்டியில் இல்லை, அஞ்சறைப்பெட்டிப் பக்கத்தில் இருக்கிறது. வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள் மூன்றும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் நஞ்சு போகாது. ஒரு கிலோ எடைக்கு 5 கிராம் வெங்காயமே போதும். உங்கள் பூனைக்கு 20 கிராம், அதாவது மூன்று நான்கு சின்ன வெங்காயம். பூண்டு இதைவிடக் கடுமை. சாம்பார் சோறு, குழம்பு மீன் எதுவும் வேண்டாம். தின்ற அன்று பூனை நன்றாகவே இருக்கும். சில நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும், சிறுநீர் சிவக்கும், மூச்சு வாங்கும். அதுவரை காத்திருக்காமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அதுவே உயிருக்கு ஆபத்து.

கேள்வி: நர்சரிச் செடியைக் கழுவிவிட்டால் போதுமா?

பதில்: இலையில் தெளித்த பூச்சிமருந்து ஓரளவு போகும். மண்ணில் போட்ட குருணை மருந்தை வேர் உறிஞ்சி இலைக்கு ஏற்றிவிடும். அது கழுவினால் போகாது. என்ன போட்டார்கள் என்று கேட்டு வாங்குங்கள். சரியான பதில் வராவிட்டால் விதை போட்டு வளர்ப்பதே நல்லது.

பூனைக்கென்று ஒரு தொட்டி கோதுமைப் புல் வளர்த்துக் கொடுங்கள். சமையலுக்கு வாங்கிய முழுக் கோதுமையில் ஒரு கைப்பிடியை இரவு முழுக்க ஊறவைத்து, இரண்டு அங்குலக் கோகோபீட்டில் (தேங்காய் நார்த்தூள்) நெருக்கமாகத் தூவி, மேலே லேசாக மூடுங்கள். ஈரம் காயாமல் தெளித்தால் போதும், தேங்கினால் பூஞ்சை பிடிக்கும். பத்து நாளில் விரல் நீளம் வந்துவிடும். விதைக் கடையில் சிவப்புச் சாயம் ஏற்றி விற்கும் விதை வேண்டாம். அது பூச்சி, பூஞ்சை மருந்து கலந்தது. சோளமும் வேண்டாம். இளஞ்சோளப் பயிரில் உண்டாகும் சயனைடுக்கு மாடுகளே பலியாகும்.