எவர்சில்வர் டம்ளர்

அன்புள்ள ஐயா,

மலக்குழிக்குள் மனிதரை இறக்குவது தவறு என்று உறுதியாக நம்புகிறவன் நான். போன மாதம் எங்கள் அபார்ட்மென்டில் செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டது. லாரி வர இரண்டு நாளாகும் என்றார்கள். சங்கச் செயலாளர் ஓர் ஆளைக் கூட்டிவந்து உள்ளே இறக்கினார். நான் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பத்திரமாக ஏறி வந்துவிட்டார். ஆனாலும் தூக்கம் வரவில்லை. என்னைச் செயல்பட வைக்காத நம்பிக்கை, நம்பிக்கைதானா?

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

அறிவு மட்டும் யாரையும் செயலுக்குத் தள்ளாது, ஓர் உணர்ச்சி வேண்டும் என்றார் 18ஆம் நூற்றாண்டின் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம். அறம் நம்மைச் செயலுக்குத் தூண்டுகிறது, ஆகவே அது வெறும் அறிவில் பிறந்ததல்ல என்பது அவர் வாதம். பிறர் நோயைத் தன் நோய்போல் எண்ணாவிட்டால் அறிவால் ஆவதென்ன என்று வள்ளுவரும் கேட்கிறார்.

அப்படியானால் உங்களுக்கு நம்பிக்கையே இல்லையா? அப்படிச் சொல்ல மாட்டேன். தூக்கம் போனதே, அதுவும் உந்துதல்தான். பிந்தி வந்தது. அந்த நேரத்தில் அதை மறித்து நின்றது இன்னோர் உணர்ச்சி என்று நினைக்கிறேன்: அருவருப்பு.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சாக்கடை அடைப்பெடுக்க வந்தவர் தண்ணீர் கேட்டார். சமையலறை அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்மேல் போன கை நின்றது, பக்கத்திலிருந்த பழைய பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்தது. குடித்துவிட்டு அவர் பாட்டிலை நீட்டியபோது, "நீங்களே வச்சுக்கோங்க" என்றேன். அதே வாரம் எலக்ட்ரீஷியன் அந்த டம்ளரில்தான் காபி குடித்தார். சாதிக்கு எதிராக எத்தனையோ பக்கம் எழுதியவன் நான். ஆனால் கை கூசியது. அந்தக் கூச்சத்துக்கு நான் வைத்திருந்த பெயர் 'சுத்தம்'.

இரக்கமும் உணர்ச்சி, அருவருப்பும் உணர்ச்சி. தீண்டாமை நின்றது இரண்டாவதின் மேல். வாதம் புரியும் வயதுக்கு முன்பே அது நமக்குள் ஊட்டப்பட்டுவிடுகிறது. உணர்ச்சியே வேண்டாம் என்று விலக்கினால் இரக்கமும் சேர்ந்து போய்விடும். எந்த உணர்ச்சி எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பதுதான் அறிவின் வேலை.

மனிதரை இப்படிக் குழிக்குள் இறக்குவதற்கு எதிரான சட்டம் 2013லேயே வந்துவிட்டது. குழியில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு அளவு மீறினால் முதலில் மூக்கை மரக்கச் செய்யும். நாற்றம் போய்விட்டது என்று ஆள் நினைக்கும்போதே மயக்கம் வந்துவிடும். இதையெல்லாம் அடுத்த சங்கக் கூட்டத்தில் சொல்லுங்கள். இரண்டு நாள் நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று முதல் ஆளாக நீங்கள் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று. இறங்கியவரின் பெயரைக் கேட்டீர்களா? என் வீட்டுக்கு வந்தவரின் பெயரை நான் கேட்கவில்லை.