பெருமூளை வாதமுள்ள குழந்தைகளை மதிப்பிடுவது: கேள்வி பதில்

கேள்வி: ஏழு மாதப் பையன், குறைமாதத்தில் பிறந்தவன். எதற்கும் வலது கையைத்தான் நீட்டுகிறான். வலதுகைப் பழக்கம் இவ்வளவு சீக்கிரம் வருமா?

வராது. ஒரு வயதுக்குள் ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால் இன்னொரு கை ஏன் வரவில்லை என்றுதான் பார்க்க வேண்டும். அது பெருமூளை வாதத்தின் (வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடல் அசைவு சிரமப்படும் நிலை) அறிகுறியாக இருக்கலாம். வலது கையை மெல்லப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் பொம்மையைக் காட்டுங்கள். விரல்கள் விரிகின்றனவா, கட்டைவிரல் உள்ளங்கைக்குள்ளேயே மடங்கிக் கிடக்கிறதா என்று கவனித்து அதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஹைன் என்ற நரம்புப் பரிசோதனையை 2 மாதம் முதல் 24 மாதம் வரை செய்யலாம், மொத்தம் 78 மதிப்பெண். "ரெண்டு வயசு ஆகட்டும், பார்க்கலாம்" என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: எம்.ஆர்.ஐ. நார்மல். அப்படியென்றால் பெருமூளை வாதம் இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. பத்தில் ஒருவருக்காவது ஸ்கேன் நார்மலாகவே வரும்.

கேள்வி: மகளுக்கு 5 வயது. ஜிஎம்எஃப்சிஎஸ் (நடமாட்டத்தை 1 முதல் 5 வரை பிரிக்கும் அளவுகோல், 5தான் மிகக் கடினமான நிலை) 3ஆம் நிலை என்று எழுதிவிட்டார்கள். தெரபி அறையில் வாக்கர் இல்லாமல் பத்தடி நடந்தாளே, 2 என்று மாற்றக் கூடாதா?

கூடாது. வீட்டிலும் பள்ளியிலும் தினப்படி எப்படி நடமாடுகிறாள் என்பதுதான் அந்த அளவுகோலின் கேள்வி, ஒரு நல்ல நாளில் என்ன செய்து காட்டினாள் என்பதல்ல. பாத்ரூமுக்குப் போக வாக்கரைத் தேடுகிறாள் என்றால் 3தான்.

(அதே தாய்: அப்போது அவள் பட்ட பாட்டுக்கு மதிப்பே இல்லையா?)

இருக்கிறது, அதை அளக்கும் கருவி வேறு. ஜிஎம்எஃப்எம் செய்யச் சொல்லுங்கள், 66 அல்லது 88 செயல்களைச் செய்ய வைத்துப் பார்ப்பார்கள், அந்தப் பத்தடிக்கு அங்கே மதிப்பெண் உண்டு. இரண்டு வயதுக்குப் பிறகு நிலை பெரும்பாலும் மாறாது, நிலைக்குள்ளேயே குழந்தை முன்னேறும்.

(இன்னொருவர்: நம்பர் போடுவதே முத்திரை குத்துவதுதான். பள்ளியில் அதைக் காட்டி ஒதுக்குகிறார்கள்.)

ஒதுக்குகிறவர்களோடு சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் நம்பரைத் தூக்கி எறிய மாட்டேன். 1ஆம் நிலையில் இடுப்பு மூட்டு விலகுவது மிக அபூர்வம், 5ஆம் நிலையில் பத்தில் ஒன்பது பேருக்கு விலகுகிறது. தொடக்கத்தில் வலிக்காது, யாருக்கும் தெரியாது. யாருக்கு எத்தனை மாதத்துக்கொரு முறை எக்ஸ்ரே என்று முடிவு செய்வதே அந்த நம்பரை வைத்துத்தான்.

கேள்வி: பேசாத மகனுக்கு ஐ.க்யூ. மிகக் குறைவு என்று வந்திருக்கிறது. நம்பலாமா?

என்ன டெஸ்ட் என்று கேளுங்கள். நேரம் வைத்துக் கட்டைகளை அடுக்கச் சொன்னார்கள் என்றால் அளந்தது அவன் கையை, அறிவை அல்ல. முதலில் கண்ணும் காதும் சரியா என்று பார்த்துவிட்டு, பார்வையாலேயே விடை காட்டும்படி நடத்தத் தெரிந்தவரிடம் போங்கள். இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அறிவுத்திறன் குறைபாடே கிடையாது.

கேள்வி: குதிகால் தரையில் படவில்லை. தசை இறுக்கத்தைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி போடலாமா?

பாதத்தை ஒரு முறை வேகமாகவும் ஒரு முறை மெதுவாகவும் மடக்கி இரண்டு கோணங்களையும் குறித்தார்களா? மெதுவாக மடக்கும்போதும் அதே இடத்தில் நின்றுவிட்டால் தசையே குறுகிப்போயிருக்கிறது, ஊசியால் பெரிய பயன் இருக்காது.

கேள்வி: வீடியோ அனுப்புகிறேன், எந்த நிலை என்று சொல்வீர்களா?

மாட்டேன். மேலே பத்தடிக் கதையைப் படியுங்கள்.

கேள்வி: என் மகளும் 5ஆம் நிலைதான், வலி எதுவும் இல்லை. இடுப்பு எக்ஸ்ரே அவசியமா?

அவசியம். இந்த வாரமே எடுங்கள்.