மாமனார் குறுக்கே பேசுகிறார்!

கேள்வி: முசிறியில் வசிக்கிறோம். நான்காம் வகுப்பு படிக்கும் என் மகன் மாநிலத் தலைநகரங்களைக் கடகடவென்று ஒப்பிப்பான். வரைபடக் கேள்வி என்றால் மட்டும் முட்டைதான். நம் வீட்டுக்கு வடக்கு எது என்று கேட்டால் விட்டத்தைக் காட்டுகிறான். மாதம் 800 ரூபாய்க்கு டியூஷன் வைத்தும் பயனில்லை. வாய்க்கால் மதகைத் திறந்து மூடும் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்ற என் மாமனார் வேறு, அவன் படிக்கும்போது குறுக்கே பேசுவார். “மேட்டூர் அணையின் உயரம் 120 அடி” என்று இவன் படித்தபோது, “அது தண்ணீர் மட்டம்டா!” என்று திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார். அன்றிலிருந்து கதவைச் சாத்திவிட்டுத்தான் படிக்க வைக்கிறேன். இவனுக்குப் புவியியல் வர என்ன வழி?

பதில்: சின்னப் பையன்தானே, போகப் போகச் சரியாகிவிடும் என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுத மாட்டேன்.

உங்கள் மாமனார் சொன்னதுதான் சரி. 120 அடி என்பது அணையில் தண்ணீர் நிற்கும் முழு மட்டம். அணையின் உயரம் 214 அடி. தவறைத் திருத்தியவரைத் திண்ணையிலேயே நிறுத்தி, தவறாகப் படித்த பிள்ளையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது, அம்மா.

லஸ்கர் என்றால் லேசான வேலையா? எந்த ஷட்டரை எவ்வளவு தூக்கினால் எந்த வயலுக்குப் பாயும், எங்கே மேடு, எங்கே பள்ளம், வெள்ளத்தில் கரை எங்கே உடையும் என்பதையெல்லாம் வருடக்கணக்காக நடந்து நடந்து தெரிந்துகொண்டவர். புவியியல் என்பது வேறென்ன? பெற்ற தகப்பனைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டிய மனிதரை இடைஞ்சலாக நினைத்துவிட்டு, 800 ரூபாய்க்கு வாத்தியார் தேடுகிறீர்கள்.

பிள்ளை விட்டத்தைக் காட்டியதில் அவன் குற்றம் எதுவும் இல்லை. சுவரில் மாட்டிய படத்தில்தான் அவன் வடக்கைப் பார்த்திருக்கிறான். அங்கே வடக்கு மேலேதான் இருக்கிறது. படத்தைக் கழற்றித் தரையில் விரியுங்கள். முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, காலையிலும் உச்சியிலும் மாலையிலும் நிழல் விழும் இடத்தில் கூழாங்கல் வைக்கச் சொல்லுங்கள். பிறகு மொட்டை மாடியிலிருந்து தெருவைப் பார்த்து வரையட்டும். மேலிருந்து பார்ப்பதுதான் வரைபடம் என்று அவனுக்கே பிடிபடும். இந்தியாவும் தலைநகரங்களும் அதற்கப்புறம் வரட்டும்.

அதற்குள் தாத்தாவோடு காவிரி ஆற்றுக்கு அனுப்புங்கள். உங்கள் ஊர்ப் படித்துறையில் ஆற்றைப் பார்த்து நின்றால் எதிர்க்கரையில் குளித்தலை, அது தெற்கு. தண்ணீர் வலது கைப் பக்கமிருந்து இடது கைப் பக்கம் போகிறது, மேற்கிலிருந்து கிழக்காக. முதுகுப் பக்கம் இருப்பது வடக்கு. இதை ஒரு முறை நின்று பார்த்த பிள்ளைக்கு ஆயுளுக்கும் மறக்காது. தண்ணீரில் மட்டும் இறங்க விடவேண்டாம். மணல் அள்ளிய குழி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அங்கே அவன் ஒரு கேள்வி கேட்கட்டும்: ஆடியில் நம் ஊரில் மழையே இல்லாதபோது ஆற்றில் மட்டும் எப்படி வெள்ளம் வருகிறது? தாத்தா காவிரி பிறக்கும் குடகு மலையிலிருந்து ஆரம்பிப்பார். தென்மேற்குப் பருவமழை அங்கே கொட்டுகிறது, கர்நாடக அணைகள் நிரம்புகின்றன, மேட்டூருக்குத் தண்ணீர் வருகிறது, அங்கே மதகு திறக்கிறார்கள். நமக்கு மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான், அதுவும் வடகிழக்கிலிருந்து. மலை, காற்று, அணை, பக்கத்து மாநிலம் எல்லாமே இந்த ஒரு கேள்விக்குள் இருக்கின்றன. மேட்டூரில் திறந்த தண்ணீர் முசிறிக்கு வர எத்தனை நாளாகும் என்பதையும் கேட்கச் சொல்லுங்கள். அதை அவரைவிட நன்றாகச் சொல்ல உங்கள் டியூஷன் வாத்தியாரால் முடியாது.

மாமனாரிடம் மன்னிப்பு என்று போய் நிற்க வேண்டாம், அவருக்கும் சங்கடம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, “மாமா, இவனை ஆற்றுப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள்” என்று சொல்லுங்கள். திரும்பி வந்ததும் பையனிடம் எதையும் ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். ஒரு தாளைக் கொடுத்து, போன வழியை வரையச் சொல்லுங்கள்.