கேட்டு வாங்குங்கள், எழுதி வாங்குங்கள்: எல்லையோர வாசகர்களின் கன்று, செடிக் கேள்விகள்

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, இறங்கியதும் மார்த்தாண்டம், களியக்காவிளை சாலையோரங்களில் கன்று ஏற்றிய வண்டிகள் வந்து நின்றுவிடும். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரை நர்சரிகளிலும் நம் ஊர்க்காரர்கள்தான் பாதிப் பேர். இந்த முறை வந்த கேள்விகளைப் படித்தபோது ஒன்று தெரிந்தது. விலையை எல்லோரும் பேரம் பேசியிருக்கிறார்கள். கன்று விதையில் முளைத்ததா, ஒட்டுக் கட்டியதா, எந்தக் கிளையிலிருந்து எடுத்தது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. ஆனால் காய்க்குமா, காய்க்காதா என்பதை முடிவு செய்வது அந்தக் கேள்விதான்.

கேள்வி: போன வருடம் 'வியட்நாம் சூப்பர் ஏர்லி' சக்கை (பலா) ஒட்டு இரண்டு வாங்கி நட்டேன். ஒன்று சாதாரணமாக இருக்கிறது. மற்றது அதைவிட வேகமாக வளர்கிறது, ஆனால் இலை விரல் விரலாகப் பிளந்திருக்கிறது. போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார் விற்றவர். நம்பலாமா? (குலசேகரம்)

பதில்: நம்பாதீர்கள். இன்றைக்கே போய்ச் செடியின் அடியைப் பாருங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் தண்டில் ஒரு கணு போன்ற வீக்கம் இருக்கும். அங்கே கீழ்ப்பட்டை ஒரு நிறமாகவும் மேல்பட்டை வேறு நிறமாகவும் தெரியும். பிளாஸ்டிக் நாடாவின் துண்டுகூட இன்னும் ஒட்டியிருக்கலாம். அதுதான் ஒட்டுப் பகுதி. உங்கள் செடியில் வேகமாக வளரும் கிளை அந்த வீக்கத்துக்கு மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா?

பலாவில் விதையிலிருந்து முளைத்த இளஞ்செடிக்குத்தான் பெரும்பாலும் இலை பிளந்திருக்கும். காய்க்கிற மரத்திலிருந்து எடுத்து ஒட்டிய தண்டில் இலை முழுசாக, முட்டை வடிவில் வரும். ஆகவே உங்களிடம் வேகமாக வளர்வது அநேகமாக அடிச்செடி, அதாவது ஒட்டுக் கட்டப் பயன்படுத்திய விதைக்கன்று. மேலே ஒட்டிய தண்டு நர்சரியிலேயே பட்டுப்போயிருக்கலாம். நீங்கள் நட்ட பிறகு கீழ்த்துளிர் சத்தையெல்லாம் இழுத்து அதை அமுக்கியிருக்கவும் கூடும்.

வீக்கத்துக்கு மேலே ஒரு சின்னக் குச்சியாவது பச்சையாக இருந்தால் வாய்ப்பு இருக்கிறது. நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். கீழிருந்து வரும் துளிர்களை எல்லாம் தண்டோடு ஒட்ட வெட்டிவிடுங்கள், திரும்ப வரும்போதும் வெட்டுங்கள். மேல்தண்டு காய்ந்திருந்தால் அது இனி நாட்டுச் சக்கைதான். பழம் நன்றாகக்கூட இருக்கலாம். ஆனால் சீக்கிரம் காய்க்கும் என்று சொல்லித்தானே காசு வாங்கினார்கள்? அந்தச் செடியில் அது நடக்காது.

அடுத்த முறை வாங்கும்போது பைக்குள் குனிந்து இந்த வீக்கத்தை முதலில் பாருங்கள். அதற்கு மேல் குறைந்தது இரண்டு முறை துளிர்த்து இலை முற்றியிருக்க வேண்டும். நாடா தண்டை இறுக்கி வெட்டியபடி இருக்கும் கன்றும் வேண்டாம், ஒட்டில் விரிசல் தெரியும் கன்றும் வேண்டாம். ஆள் உயரக் கன்றைக் காட்டி ஆசை காட்டுவார்கள். சின்னப் பையில் நெடுநாள் நின்ற உயரமான கன்றுக்கு வேர் அடியில் சுருண்டு கிடக்கும். முழங்கால் உயரத்தில் திடமாக நிற்கிற கன்றையே நான் எடுப்பேன்.

கேள்வி: வீட்டு முற்றத்தில் ரம்புட்டான் நட்டு ஆறு வருடம் ஆகிறது. 'என் 18' என்று சொல்லி வண்டிக்காரர் ஒருவர் தந்தார். இரண்டு வருடமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. மருந்து ஏதாவது அடிக்க வேண்டுமா? (களியக்காவிளை)

பதில்: மருந்துக்கடைக்குப் போவதற்கு முன் பூவைப் பாருங்கள். ரம்புட்டான் பூ மிகச் சிறியது, இதழ் இருக்காது, பச்சை கலந்த மஞ்சள். ஒரு கொத்தை ஒடித்து வெளிச்சத்தில் வைத்து, முடிந்தால் கைபேசியில் பெரிதாக்கிப் படம் எடுங்கள். பூவின் நடுவில் இரண்டு குமிழாக மயிர் படர்ந்த குட்டிக் காய்போல ஒன்றும், அதன் நுனியில் இரண்டாகப் பிரிந்து சுருண்ட இழையும் இருந்தால் அது காய்க்கக்கூடிய பூ. நடுவில் ஒன்றுமில்லாமல் சுற்றிலும் மகரந்தத் தண்டுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் உங்களுடையது ஆண் மரம். எந்த உரமும் எந்த மருந்தும் அதைக் காய்க்க வைக்காது.

ரம்புட்டான் விதைக்கன்றுகளில் ஏறத்தாழப் பாதி ஆணாகப் போய்விடும். 'என் 18' என்பது நல்ல ரகம், ஆனால் அதன் பழத்து விதையை முளைக்க வைத்தால் அது 'என் 18' ஆகாது. மொட்டு ஒட்டு, அதாவது நம் ஊரில் ரப்பருக்குச் செய்கிற பட்டிங் செய்த கன்றுதான் தாய்மரத்தின் குணத்தோடு வரும். உங்கள் மரத்தின் அடியில் ஒட்டின் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விதைக்கன்றை ஒட்டு விலைக்கு விற்றிருக்கிறார்கள்.

மரத்தை வேரோடு பிடுங்க வேண்டாம். ஆறு வருட வேர் பெரிய சொத்து. மழைக்காலத் தொடக்கத்தில் மரத்தை நெஞ்சுயரத்தில் வெட்டிவிட்டு, ஒரு கிளையை மட்டும் அப்படியே விடுங்கள். கீழே வரும் புதுத் துளிர்களில் நல்லதாக நாலைந்தை வைத்துக்கொண்டு, விரல் கனம் வந்ததும் காய்க்கிற மரத்தின் மொட்டை எடுத்துப் பட்டிங் செய்யலாம். இந்தப் பக்கம் ரப்பர் பட்டிங் தெரிந்த கை நிறைய உண்டு. ரம்புட்டானும் செய்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டு அழைத்து வாருங்கள். ஒட்டுப் பிடித்த பிறகு மிச்சம் வைத்த கிளையை எடுத்துவிடலாம். பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ரசீது இல்லை, விற்றவர் யார் என்றும் தெரியாது என்கிறபோது வழி இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் வண்டியில் வரும் கன்று மலிவாக இருந்தாலும் பல வருடம் நிற்கப்போகிற மரத்துக்கு அது வேண்டாம் என்கிறேன்.

கேள்வி: தென்னந்தோப்பில் ஊடுபயிராக மங்குஸ்தானும் ஜாதிக்காயும் வைக்க ஆசை. நர்சரியில் இரண்டிலும் விதைக்கன்றும் இருக்கிறது, ஒட்டும் இருக்கிறது. ஒட்டு மூன்று மடங்கு விலை. இரண்டிலுமே ஒட்டு எடுத்துவிடலாமா? (திற்பரப்பு)

பதில்: ஜாதிக்காயில் ஒட்டு எடுங்கள். மங்குஸ்தானில் விதைக்கன்று எடுங்கள்.

மங்குஸ்தான் விதை மகரந்தச் சேர்க்கை இல்லாமலே உருவாவது. எனவே விதைக்கன்று தாய்மரத்தைப் போலவே இருக்கும், ஆண் மரம் என்ற பிரச்சினையும் இல்லை. காய்க்க ஏழெட்டு வருடமோ அதற்கு மேலோ ஆகும், அதற்குப் பொறுமை வேண்டும். ஒட்டு முன்கூட்டிக் காய்க்கும்தான். ஆனால் நம் பக்கத்தில் ஒட்டு மங்குஸ்தான் குட்டையாக, மெதுவாகவே வளர்கிறது, மகசூலும் குறைவு. தொட்டியில் வைப்பவருக்கு அது போதும், தோப்புக்குப் போதாது. முதல் இரண்டு மூன்று வருடம் நிழல் வேண்டும். பக்கத்தில் ஏத்தன் (நேந்திரன்) வாழை வைத்தால் நிழலுக்கு நிழல், குலைக்குக் குலை.

ஜாதிக்காய் நேர் எதிர். ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. பூக்கும்வரை, அதாவது ஆறேழு வருடம்வரை, எது ஆண் எது பெண் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. 'எல்லாம் பெண் கன்று, தரம் பிரித்தது' என்று விதைக்கன்றைக் காட்டி யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். பெண் மரத்திலிருந்து எடுத்த ஒட்டுதான் வேண்டும். இன்னொன்றும் கேளுங்கள்: நேராக மேலே போகும் குருத்தில் எடுத்ததா, பக்கக்கிளையில் எடுத்ததா? நேர்குருத்து ஒட்டு மரமாக நிமிர்ந்து வளரும். பக்கக்கிளை ஒட்டு புதர் மாதிரி படரும், தென்னைக்கு இடையில் அது இடத்தை அடைக்கும். கன்றின் நுனி நிமிர்ந்து நின்று, கிளைகள் நான்கு பக்கமும் சுற்றி வந்திருந்தால் நேர்குருத்து. ஒரே பக்கமாகச் சாய்ந்து விசிறிபோல விரிந்திருந்தால் பக்கக்கிளை. பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: மொட்டைமாடித் தொட்டியில் வைக்கப் புதர் மிளகு வாங்கினேன். அது கொடியாக ஏறிக்கொண்டு போகிறது. (செங்கோட்டை)

பதில்: ஓடுதண்டில் வேர் பிடிக்க வைத்ததைப் புதர் மிளகு என்று தந்திருக்கிறார்கள். நல்லமிளகில் காய்க்கும் பக்கக்கிளையை வெட்டி வேர் பிடிக்க வைத்தால்தான் புதராக நிற்கும். ஏறும் தண்டின் கணுக்களில் பற்றுவேர் இருக்கும், காய்க்கும் கிளையில் அது இருக்காது. வாங்கும்போது ஒரு திரியாவது, அதாவது மிளகுச் சரமாவது, பிடித்திருக்கும் செடியாகப் பாருங்கள். இப்போது இருப்பதை ஒரு முருங்கையிலோ தென்னையிலோ ஏற்றிவிடுங்கள், வீணாகாது. தண்ணீர் தேங்கும் இடத்துக்கு பிரேசில் காட்டு மிளகின் மேல் ஒட்டியது கிடைக்கிறது, வாடல் நோயைத் தாங்கும். விலை கூடத்தான். அதிலும் கீழ்த்துளிரைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

கேள்வி: இளநீருக்கு ஆரஞ்சு குட்டைத் தென்னம்பிள்ளை என்று தருகிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது? (ஆரியங்காவு)

பதில்: மட்டையின் காம்பைப் பாருங்கள். சாவக்காடு ஆரஞ்சு குட்டை என்றால் பிள்ளையிலேயே காம்பு ஆரஞ்சு நிறமாகத் தெரியும். பச்சையோ பழுப்போ கலந்திருந்தால் வேறு மகரந்தம் பட்டுக் கலப்பானது. கலப்பு மோசமில்லை, ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல. பொதுவாக நெட்டை ரகமென்றால் ஒரு வருடப் பிள்ளைக்கு ஆறு இலையாவது இருக்க வேண்டும், கழுத்துச் சுற்றளவு 10 சென்டிமீட்டர் வேண்டும்.

கேள்வி: தேங்காய் நார்க்கழிவுக் கட்டி வாங்கித் தொட்டியில் நிரப்பினேன். தக்காளி, மிளகாய் எல்லாம் இலை ஓரம் கருகுகிறது. கட்டி கெட்டுப்போனதா? (நெய்யாற்றின்கரை)

பதில்: உப்பாக இருக்கும். கழுவாத நார்க்கழிவில், அதிலும் காயல் தண்ணீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததில், உப்பு அதிகம். உறையில் உப்பளவு, அதாவது 'இ.சி.', குறைவு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போடாததை வாங்கினால் பெரிய வாளியில் ஊறவைத்து, சாயத்தண்ணீரை வடித்து, தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். நார்க்கழிவில் தனியாகச் சத்தும் கிடையாது. பாதி மண்ணும் மக்கிய சாணமும் சேருங்கள். உறையில் எடை, விலை, தயாரித்த மாதம், தயாரிப்பவர் முகவரி இல்லையென்றால் அந்தக் கட்டியே வேண்டாம். பொட்டலப் பொருளுக்கு இவை சட்டப்படி கட்டாயம்.

கேள்வி: கேரளத்து நர்சரி ஒன்றில் பலா, மா ஒட்டுகள் பன்னிரண்டு வாங்கினேன். இரண்டு வாரத்தில் ஐந்து ஒட்டுகள் ஒட்டிய இடத்திலேயே விட்டுக் காய்ந்தன. ரசீதில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் இருப்பது தமிழ்நாட்டில். எங்கே போய்ப் புகார் செய்வது? (மார்த்தாண்டம்)

பதில்: அந்த வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாதபோது 30 நாட்களுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. ரசீது தர மறுப்பதும் அப்படியே. இப்போதைய சட்டத்தில் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் தரலாம், எனவே நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். 5 லட்ச ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழையுங்கள். பல கடைகள் அந்த அழைப்பு வந்ததுமே இறங்கி வரும்.

'விவசாயி எப்படி நுகர்வோர் ஆவார்?' என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். குறையுள்ள விதை வாங்கிய விவசாயிகள் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் தேசிய விதைக் கழக வழக்கில் 2012-லேயே சொல்லிவிட்டது. நீங்களோ வீட்டுத் தோட்டத்துக்கு வாங்கியவர். மறுவிற்பனைக்கு வாங்கியிருந்தால்தான் சிக்கல்.

உண்மையான சிக்கல் ஆதாரத்தில் இருக்கிறது. 'நீங்கள் தண்ணீர் விடவில்லை' என்பார் கடைக்காரர். காய்ந்த கன்றுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒட்டு விட்ட இடத்தைக் கிட்டத்தில் படம் எடுங்கள். அதே மண்ணில், அதே நாளில் நட்ட மற்ற ஏழும் பிழைத்திருக்கின்றன என்பது உங்களுக்குச் சாதகம், அதையும் படம் எடுங்கள். உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் மனு கொடுத்து, பார்வையிட்டு எழுத்தில் தரச் சொல்லுங்கள். ஆணையத்தில் அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: ரசீதில் 'பலா 2, மா 3' என்றுதான் எழுதுகிறார்கள். ஒட்டு என்று எழுதச் சொன்னால் சிரிக்கிறார்கள். (பாறசாலை)

பதில்: பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், வெள்ளாயணி வேளாண் கல்லூரி, திருச்சூரில் மண்ணுத்தி பல்கலைக்கழக நர்சரி போன்ற இடங்களில் ரகத்தின் பெயரோடு கேட்டு வாங்கலாம். கன்று எப்போதும் இருக்காது, போன் செய்துவிட்டுப் போங்கள். தனியார் நர்சரியில் எழுத மறுத்தால், பணம் கொடுப்பதற்கு முன் கடைக்காரரின் எண்ணுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போடுங்கள்: 'என் 18 ரம்புட்டான் பட்டிங் கன்று 2, நேர்குருத்து ஜாதிக்காய் பெண் ஒட்டு 3 வாங்குகிறேன், சரிதானே?' கூடவே கன்றுகளின் ஒட்டுப் பகுதி தெரியும் படம். அவர் 'சரி' என்று பதில் போட்ட பிறகு ஜிபே செய்யுங்கள். பதில் போடத் தயங்கினால் அந்தக் கன்றை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.