600 டாலரில் மெட்டில்லா பாஞ்சோ: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: மேரிலாண்டில் வசிக்கிறேன், கொஞ்சம் வீணை தெரியும். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து மின்ஸ்ட்ரல் பாஞ்சோ கற்க ஆசை. கையில் 600 டாலர் இருக்கிறது. இணையத்தில் ‘கையால் செய்தது’ என்று 250 டாலருக்கே போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த ரகம் என்னிடம் பழுதுபார்க்க வரும்போது பார்த்திருக்கிறேன். சாதாரண பாஞ்சோவின் தண்டியில் குறுக்கே பதித்த மெட்டுகளைப் பிடுங்கி, பள்ளத்தை அடைத்து, பழுப்புச் சாயம் பூசியிருப்பார்கள்.

நீங்கள் தேடுவது 1840 முதல் 1860கள் வரை புழங்கிய கருவி. மெட்டில்லாத தண்டி, தோல் போர்த்திய மரவளையம், நான்கு நீள நரம்பு, கட்டைவிரலுக்கென்று ஒரு குட்டை நரம்பு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் செய்து வாசித்த வாத்தியம் இது. முகத்தில் கரி பூசி அவர்களையே கேலி செய்த வெள்ளையர்களின் ‘மின்ஸ்ட்ரல்’ என்ற மேடைப் பெயர்தான் அதற்கு நிலைத்தது என்பது வேறு வயிற்றெரிச்சல்.

விற்பவரிடம் முதலில் அளவைக் கேளுங்கள். வளையம் 12, 13 அங்குலம் இருக்க வேண்டும். நரம்பு அதிரும் நீளம் 27 அங்குலத்தை ஒட்டி இருந்தால் நல்லது. 11 அங்குல வளையம் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து, என்ன நரம்பு கட்டியிருக்கிறது என்று கேளுங்கள். எஃகுக் கம்பி என்று பதில் வந்தால் அவருக்கு இந்த வாத்தியமே தெரியாது. அன்று கட்டியது ஆட்டுக்குடல் நரம்பு. இன்று அதற்குப் பதில் நைல்கட் என்ற செயற்கை நரம்பு போதும். 1855இல் வெளியான பிரிக்ஸ் பயிற்சி நூலின் சுருதி, இன்றைய பாஞ்சோ சுருதியைவிட ஒரு மத்திம தூரம் (ச முதல் ம வரை) தாழ்வு. அந்தக் குறைந்த இழுவைக்கென்று செய்த தண்டியில் எஃகைக் கட்டினால் தண்டி வளையும், விரல்பலகையில் கோடு விழும். பல இசைக் கடைகளில் இதைச் சொன்னால் விழிக்கிறார்கள். பாஞ்சோ என்றாலே எஃகு என்று பாடம் பண்ணி வைத்திருக்கிறார்கள்!

தோலை ஆணியடித்துப் பொருத்திய கருவி மலிவு, பார்க்கவும் அழகு. ஆனால் உங்கள் ஊர்க் கோடை ஈரத்தில் தோல் தளர்ந்தால் முறுக்க வழியில்லை. கொக்கி வைத்ததை வாங்குங்கள். உங்கள் பால்டிமோரிலேயே வில்லியம் பௌச்சர் என்ற மேளம் செய்பவர், மேளத்துக்குரிய கொக்கி முறுக்கைப் பாஞ்சோவுக்கும் வைத்தார். அவர் 1890இல் கொடுத்த மூன்று பாஞ்சோக்கள் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இடைத்தரகர்கள் விஷயத்துக்கு வருகிறேன். உள்நாட்டுப் போரை நடித்துக் காட்டும் முகாம்களில் கடை போடுபவர், ‘தாத்தா பரணில் கிடந்தது’ என்று இணையத்தில் விற்பவர், இரண்டு பேரையும் நம்பாதீர்கள். அக்காலத்து அசல் பௌச்சர் பல ஆயிரம் டாலர், 500க்கு வராது. ‘கையால் செய்தது’ என்று போட்டுக்கொள்ள யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. புகார் கொடுத்தால் தளம் ஒரு படிவம் அனுப்பும். அதே ஆள் வேறு பெயரில் கடை திறப்பார். யார் செய்தது, எந்த மரம் என்று கேளுங்கள். செய்தவர் பெயரைச் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.

உங்கள் தொகைக்குச் சரியான வழி, பெயர் தெரிந்த கைவினைஞர் செய்த எளிய கருவியை அதை வாசித்தவரிடமிருந்து பழையதாக வாங்குவது. செதுக்கல் வேலைக்குக் காசு கொடுக்காதீர்கள். நரம்பை முறுக்கும் பிருடை வழுக்காமல் நிற்கிறதா, தண்டி நேராக இருக்கிறதா என்று பாருங்கள்.

இதற்கு ஒரே விதிவிலக்கு இடக்கையர். நரம்பை மாற்றிக் கட்டினால் போதும் என்பார்கள், போதாது. குட்டை நரம்பின் பிருடை தண்டியின் பக்கவாட்டில், பாதி வழியில் இருக்கிறது. கருவியைத் திருப்பினால் அது கீழே போய்விடும், கட்டைவிரல் எட்டாது. அதனால் அவர்கள் புதிதாகத்தான் செய்யச் சொல்ல வேண்டும், அதற்கு 600 போதாமலும் போகலாம். இடக்கையர் பலர் வலக்கைக் கருவியிலேயே பழகிவிடுவதும் உண்டு. வீணையை வலக்கையால் மீட்டியவர் என்றால் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள்.

யாரிடம் வாங்கினாலும் முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். திருப்பித் தர எத்தனை நாள் அவகாசம் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு பணம் அனுப்புங்கள்.