ஸ்பானிஷில் ‘நடந்துகிட்டிருக்கு’ என்று எப்படிச் சொல்வது?

தம்பி, மாட்ரிட்டுக்கு வந்து ரெண்டு மாசம் ஆகிறது, ஏ1 என்கிற ஆரம்ப நிலை ஸ்பானிஷ் வகுப்புக்கும் போகிறீர்கள், ஆனாலும் ஒரு விஷயம் ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்பதற்கு எப்போது எஸ்தார் (‘இரு’ என்கிற வினை; ‘நான்’ என்றால் எஸ்தோய்) போடுவது, எப்போது விடுவது என்று பிடிபடவில்லை எனக் கேட்டிருந்தீர்கள். ஆங்கிலத்தை இடையில் கொண்டுவராமல் தமிழிலிருந்தே நேராகப் போங்கள். பாதி சிக்கல் தீர்ந்துவிடும்.

‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’ வேறு, ‘உட்கார்ந்திருக்கிறேன்’ வேறு என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்பானிஷும் அதே மாதிரிதான் பிரிக்கிறது. முதலாவது எஸ்தோய் கொமியெந்தோ. இரண்டாவது எஸ்தோய் சென்தாதோ. பெண் சொன்னால் சென்தாதா. ‘எஸ்தோய் சென்தாந்தொமே’ என்றால் இன்னும் உட்கார்ந்து முடியவில்லை, உட்காரும் அசைவிலேயே இருக்கிறீர்கள் என்று அர்த்தம். துர்மியெந்தோ (தூங்கி), பிதியெந்தோ (கேட்டு), லெயெந்தோ (படித்து) போன்ற ஒழுங்கு மீறுகிற வடிவங்கள் காதில் விழ விழத் தானாக வந்துவிடும்.

ஆனால் எதற்கெடுத்தாலும் எஸ்தோய் போடாதீர்கள். ‘என்ன பண்றே?’ என்பதற்குச் சும்மா ‘கே ஆதெஸ்?’ போதும். ‘எஸ்தோய் பிவியெந்தோ என் மத்ரித்’ தப்பில்லை, ஆனால் இப்போதைக்கு இங்கே இருக்கிறேன் என்கிற தொனி அதில் இருக்கும். வீட்டு ஓனரிடம் ‘பீவோ என் மத்ரித்’ என்றே சொல்லுங்கள். நாளைக்குப் பக்கத்து ஊரான தொலேதோ போகிறீர்களா? ‘மன்யானா போய் அ தொலேதோ’. அங்கே எஸ்தோய் வரவே கூடாது. யாராவது கூப்பிட்டால் நாம் ‘இதோ வரேன்’ என்போம்; இவர்கள் ‘யா போய்’ என்று போகிற வினையைத்தான் சொல்வார்கள். பக்கத்துத் தெருவுக்கு வந்தாயிற்று என்றால் ‘எஸ்தோய் யெகாந்தோ’. பாரில் காபி கேட்டால், சில பழைய கமரேரோக்கள் (பரிமாறுபவர்கள்) ‘மர்ச்சாந்தோ!’ என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்கள். உங்கள் காபி தயாராகிறது என்று அர்த்தம்.

உங்களுக்கு இப்போது அதிகம் உதவப்போவது யேவார் என்கிற வினை (எழுத்தில் இரட்டை எல் வரும்). அயல்நாட்டவர் அலுவலகக் கவுன்டரில் ‘குவாந்தோ தியெம்போ யேவா அகீ?’ என்று கேட்டால், எவ்வளவு நாளாக இங்கே இருக்கிறீர்கள் என்று அர்த்தம். ‘யேவோ தோஸ் மெசெஸ்’ என்றால் முடிந்தது. ரெண்டு மாசமாக் கார்டுக்குக் காத்திருக்கேன் என்பதற்கு ‘யேவோ தோஸ் மெசெஸ் எஸ்பெராந்தோ லா தார்ஹேத்தா’. நம் ‘ரெண்டு மாசமா’வில் உள்ள அந்த ‘ஆ’வின் வேலையை யேவோ முழுக்கச் செய்துவிடுகிறது. சென்ட்ரோ தெ சலூதில், அதாவது சுகாதார நிலையத்தில், டாக்டரிடம் ‘யேவோ த்ரெஸ் தீயாஸ் கொன் ஃபியெப்ரே’ என்றால் மூணு நாளாக் காய்ச்சல். மூணு மாசமாச் சம்பளம் வரவில்லை என்றால் ‘யேவோ த்ரெஸ் மெசெஸ் சின் கொப்ரார்’. அப்படி ஒரு நிலைமை உங்களுக்கு வரவே வேண்டாம். ஆனாலும் இந்த வாக்கியத்தைத் தெரிந்து வைத்திருங்கள். வாய் திறந்து சொல்ல முடியாமல் கடைகளிலும் ஹோட்டல்களிலும் ஏமாந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். வெனிசுவேலாக்காரர்கள் இதையே ‘தெங்கோ தோஸ் மெசெஸ் எஸ்பெராந்தோ’ என்பார்கள். குழம்ப வேண்டாம், அர்த்தம் ஒன்றுதான்.

இணையத்தில் உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும்போது ‘என் த்ராமிதே’ என்று வந்தால் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. ‘ரெசுவெல்தோ ஃபவொராப்லே’ என்று வந்தால் கிடைத்துவிட்டது.

தெருவில் கூட்டம் கூடியிருந்தால் ‘கே ஆ பசாதோ?’ (என்ன ஆச்சு?) என்று கேளுங்கள். ‘கே பாசா?’ என்று யாராவது உங்களைப் பார்த்துச் சொன்னால் பதறாதீர்கள், பெரும்பாலும் அது வெறும் ‘என்ன, எப்படி?’தான். மெட்ரோவில் ஸ்ட்ரைக் என்றால் ‘அய் உவெல்கா’. தீப்பிடித்தால் ‘அய் உன் இன்தெந்தியோ’. இப்படி ஏதாவது நடக்கிறது என்பதற்கு அந்த ஒற்றை ‘அய்’ போதும். அவசர உதவி எண்ணான 112-க்குப் போன் செய்யும் அவசரத்தில் இலக்கணம் தேடிக்கொண்டிருக்காமல், முதலில் அய் சொல்லி என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள், அடுத்ததாகத் தெருப் பெயரும் வீட்டு எண்ணும்.